ஒரே பொருளை, ஒரே பொருளில்: இந்திய மருந்துச் சோதனைகளில் சம்மதத்தின் வரலாறு

(நீண்ட பதிவு. மருத்துவம், சட்டம், மொழியியல், வரலாறு பயிலும் நண்பர்கள் பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனது 13 ஆம் பிரிவில் சம்மதம் என்பதற்கு ஒரே வாக்கியத்தில் இலக்கணம் வகுத்துவிடுகிறது. இருவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரே பொருளை ஒரே பொருளில் ஏற்றுக்கொள்ளும்போது அவர்கள் சம்மதித்தவர்கள் ஆகிறார்கள் என்பது அதன் சாரம். தமிழில் சொல்லும்போது இவ்விலக்கணத்துக்கு ஓர் அழகு கூடிவிடுகிறது. முதலில் வரும் ‘பொருள்’ கண்முன் உள்ள விஷயம். இரண்டாவதாக வரும் ‘பொருள்’ அவ்விஷயத்தின் அர்த்தம். விஷயம் ஒன்றாக இருப்பது போதாது. அதற்கு இருவர் மனத்திலும் உள்ள அர்த்தமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நிலம் விற்பவரையும் கடன் வாங்குபவரையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம் அது. எனினும் இந்திய மருந்துச் சோதனைகளின் வரலாற்றை அளந்து பார்க்க அதைவிடக் கூரிய அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. சோதனையை நடத்தும் மருத்துவரும் அதில் சேரும் நோயாளியும் ஒரே தாளில் கையெழுத்திடுகின்றனர். விஷயம் ஒன்றுதான். அர்த்தம் ஒன்றா? கடந்த நூற்று இருபத்தைந்து ஆண்டுகளைத் திரும்பிப் பார்த்தால், ஒவ்வொரு சர்ச்சைக்குப் பின்னரும் சம்மதத்தின் சான்றுகள் பெருகியிருக்கின்றன. வாய்மொழி எழுத்தாயிற்று, கைரேகைக்குச் சாட்சி வந்தது, சாட்சிக்கு மேல் காணொளி வந்தது. நோயாளிக்கு என்ன புரிந்தது என்ற கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் அடுத்த கட்டத்திற்குத் தள்ளிவைக்கப்பட்டது. இக்கட்டுரை அத்தள்ளிவைப்பின் வரலாறு.

மருத்துவ அறவியல் பாடநூல்கள் பெரும்பாலும் 1947 ஆம் ஆண்டின் நியூரம்பெர்க் நெறிகளிலிருந்து தொடங்கும். நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் தீர்ப்பில் இடம்பெற்ற அந்நெறிகளின் முதல் விதியே தன்விருப்பமான சம்மதம்தான். அவ்விதி சம்மதிப்பவருக்குப் போதிய அறிவும் புரிதலும் இருக்க வேண்டும் என்றும் கோரியது. ஆனால் இந்தியாவில் இக்கேள்வி அதற்கு அரை நூற்றாண்டு முன்னரே எழுந்துவிட்டது. ஒதெசாவில் பிறந்து பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய வால்டெமார் ஹாஃப்கின், காலரா தடுப்பூசியை 1892 இல் முதலில் தன் உடலிலேயே செலுத்திப் பார்த்தார். 1893 இல் கல்கத்தா வந்தார். அந்நகரின் சேரிகளிலும் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களிலும் ஊசி போட்டார். 1896 இல் பம்பாயில் பிளேக் பரவியபோது அங்கு வரவழைக்கப்பட்டு, கிராண்ட் மருத்துவக் கல்லூரியின் ஓர் அறையில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கி, 1897 சனவரி 10 அன்று மீண்டும் தன் உடலிலேயே சோதித்தார். அம்மாத இறுதியில் பைகுல்லா சிறையில் கைதிகளுக்கு அவ்வூசி போடப்பட்டது. முன்வந்தவர்களுக்கு மட்டுமே ஊசி. ஏறத்தாழப் பாதிப்பேர் முன்வந்தனர். ஊசி போட்டுக்கொண்டவர்களிடையே நோய் வெகுவாகக் குறைந்திருந்தது.

ஹாஃப்கின் கட்டாயப்படுத்தவில்லை என்பது அக்காலத்தில் குறிப்பிடத்தக்க நிலைப்பாடு. அதே ஆண்டில் பிளேக்கின் பெயரால் வீடுகள் சோதனையிடப்பட்டதையும் மனிதர்கள் வலுக்கட்டாயமாக அகற்றப்பட்டதையும் நினைத்தால் அதன் மதிப்புப் புலப்படும். எனினும் சிறைக்குள் ‘தாமாக முன்வந்தவர்’ என்ற தொடருக்கு என்ன அர்த்தம்? நோய் சிறைச்சுவரைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. கைதியால் சுவரைத் தாண்டி வெளியே போக முடியாது. அவரிடம் எவர், எம்மொழியில், என்ன சொல்லி ஊசியை விளக்கினார்? எத்தனை பேருக்குப் போடப்பட்டது, எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் இறந்தனர் என்ற எண்களே அச்சோதனையின் நினைவாக நூல்தோறும் எடுத்துச் சொல்லப்படுகின்றன.

1902 இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் பிளேக் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 19 பேர் இசிவுநோயால் இறந்தனர். ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். 1907 வாக்கில்தான் அவர்மீதான பழி நீங்கியது. அந்த நெடிய விவாதம் முழுவதும் ஒரு புட்டியைச் சுற்றியும் கிருமிநீக்க முறையைச் சுற்றியுமே நடந்தது. கிருமி எப்போது நுழைந்தது என்பது அறிவியல் கேள்வி, அது அவசியமானது. அக்கிராமத்தார் எதை நம்பிக் கையை நீட்டினர் என்பதும் ஒரு கேள்விதான். அது விவாதத்தின் மையத்துக்கு வரவேயில்லை.

அடுத்த பெரிய அத்தியாயம் சென்னையில் நிகழ்ந்தது. அதைப் புரிந்துகொள்ள லண்டனிலிருந்து வர வேண்டும். 1948 இல் பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையின் முடிவை வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை எதேச்சையாகப் பங்கிட்டுத் தீர்மானித்த அச்சோதனை, நவீன மருந்துச் சோதனையின் முன்மாதிரி என்று இன்றும் போற்றப்படுகிறது. அதில் ஓய்வு மட்டும் பெற்ற பிரிவினருக்குத் தாம் ஒரு சோதனையின் பகுதி என்பதே சொல்லப்படவில்லை. நியூரம்பெர்க் தீர்ப்புக்கு மறு ஆண்டு இது. எழுத்தறிவு மிகுந்த ஒரு நாட்டில், நல்லெண்ணம் மிக்க மருத்துவர்கள் செய்தது. ‘நம் மக்களுக்கு விளக்கினால் புரியாது’ என்ற வாதம் இந்திய வறுமைக்கோ கல்லாமைக்கோ மட்டும் உரியதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அக்கழகமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் சென்னை மாநில அரசும் இணைந்து 1956 இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அதன் முதற்பெரும் சோதனையில் 193 நோயாளிகள் இரு பிரிவாயினர். ஒரு பிரிவுக்குச் சானடோரியத்தில் சிகிச்சை. மறு பிரிவுக்கு அதே மருந்துகள், ஆனால் வீட்டில். நெரிசலான குடியிருப்புகளில், போதிய உணவில்லாமல், வேலைக்குச் சென்றபடியே மருந்து உண்டவர்களும் ஏறத்தாழச் சானடோரிய நோயாளிகளைப் போலவே குணமடைந்தனர். உடன் வாழ்ந்தவர்களுக்கு நோய்த்தொற்றும் கூடவில்லை. 1959 இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை மாற்றியது. சானடோரியத்தில் இடம் கிடைக்காத கோடிக்கணக்கான ஏழைகளுக்கு, உங்கள் வீடே போதும் என்று சொல்லும் துணிவை மருத்துவத்துக்குத் தந்தவர்கள் அந்த 193 பேர்.

இச்சோதனையில் என்னை ஈர்ப்பது அதன் உழைப்பின் தன்மை. பணியாளர்கள் வீடு தேடிச் சென்றனர். முன்னறிவிப்பின்றி மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உண்ணப்பட்டதா என்று பார்த்தனர். ஓராண்டுக்காலம் ஒரு குடும்பத்தின் வாசற்படியில் தொடர்ந்து நின்று பேசும் வாய்ப்பு அது. நோயாளிக்கு விளக்கவும் அவர் கேள்விகளைக் கேட்கவும் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இந்தியாவில் பின்னர் எத்தனை சோதனைகளுக்கு வாய்த்தது என்று தெரியவில்லை. ஆனால் அவ்வமைப்பு அளந்து பதிவு செய்தது நோயாளியின் ஒழுங்கை. அவரது புரிதலை அளக்கும் கருவி அப்போது உலகில் எங்கும் கேட்கப்படவில்லை. மாத்திரை விழுங்கப்பட்டதா என்பதற்கு வேதியியல் சான்று தேடிய அறிவியல், விளக்கம் விளங்கியதா என்பதற்குச் சான்று தேட வேண்டும் என்று நினைக்க இன்னும் நெடுங்காலம் ஆயிற்று.

1964 இல் ஹெல்சிங்கி பிரகடனம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980 இல் மனித ஆராய்ச்சியின் அறநெறி குறித்த தன் முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது. அந்த அறிக்கை வெளியான வேளையிலேயே அக்கழகத்தைச் சார்ந்த ஒரு நிறுவனம் தில்லியில் ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. கருப்பைவாய்த் திசுவில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் கண்டறியப்பட்ட 1,158 பெண்களை, அம்மாற்றங்கள் எவ்வாறு வளர்கின்றன என்றறிய, சிகிச்சையளிக்காமல் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. 1976 முதல் 1988 வரை நடந்தது. சிலருக்கு அம்மாற்றம் புற்றுநோயாக முற்றியது. 1997 இல் செய்தி வெளியுலகுக்கு வந்தபோது, எழுத்து வடிவில் சம்மதம் பெறப்படவில்லை என்பது தெரியவந்தது. வாய்மொழியாகச் சம்மதம் பெற்றதாகச் சொல்லப்பட்டது.

வாய்மொழிச் சம்மதம் என்ற அவ்விடை வெளிவந்ததும் விவாதம் ஒரு திசையில் திரும்பிவிட்டது: எழுத்தில் ஏன் வாங்கவில்லை? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு அடியில் வேறொரு கேள்வி கிடந்தது. ‘உங்கள் உடலில் ஒரு மாற்றம் உள்ளது, அதை நாங்கள் இப்போது அகற்றப்போவதில்லை, அது என்னவாகிறது என்று பார்க்கப்போகிறோம்’ என்ற மூன்று கூற்றுகளும் அப்பெண்களுக்கு அவர்கள் பேசும் மொழியில் சொல்லப்பட்டனவா? அடிக்கடி மருத்துவமனைக்கு வரச்சொல்லி உடலைப் பார்க்கிறார்கள் என்றால், சாதாரண மனிதர் அதைச் சிகிச்சை என்றுதான் கருதுவார். எழுத்து இல்லாமையைவிட இந்த அர்த்தப் பிறழ்வே பெரிய தீங்கு. எழுதி வாங்கியிருந்தாலும் அது அப்படியே இருந்திருக்கக் கூடும்.

கழகம் 2000 ஆம் ஆண்டில் விரிவான அறநெறி வழிகாட்டுதல்களை வெளியிட்டது; 2006 இல் அதைத் திருத்தியது. இவ்விரு பதிப்புகளுக்கும் இடையில் தலைப்பிலேயே ஒரு சொல் மாறியது. 2000 இன் தலைப்பில் சோதனைக்கு ‘ஆட்படுபவராக’ இருந்த மனிதர், 2006 இன் தலைப்பில் ‘பங்கேற்பாளர்’ ஆனார். மன்னனுக்கு ஆட்பட்ட குடியையும் ஆய்வுக்கு ஆட்பட்ட உடலையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கிறது என்பதை நினைத்தால் இது சிறிய மாற்றமன்று. ஆனால் சட்டத்தின் மொழியில் அவர் இன்னும் ஆட்படுபவராகவே இருக்கிறார். 2019 இன் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகளும் பழைய சொல்லையே தொடர்கின்றன.

இதற்கிடையில் களம் பெருகியது. 2005 சனவரியில் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் ‘ஒய்’ அட்டவணை திருத்தப்பட்டு, வெளிநாட்டில் நடக்கும் அதே கட்டச் சோதனையை இந்தியாவிலும் உடன்நிகழ்வாக நடத்தலாம் என்றாயிற்று. பன்னாட்டு நிறுவனங்களின் சோதனைகள் பெருகின. 2007 இல் இந்திய மருந்துச் சோதனைப் பதிவேடு தொடங்கப்பட்டது; 2009 இல் பதிவு கட்டாயமாயிற்று. பின்னர் உச்ச நீதிமன்றத்தில் அரசு தாக்கல் செய்த விவரப்படி, 2005 சனவரி முதல் 2012 சூன் வரை நடந்த 475 புதிய மருந்துச் சோதனைகளில் 2,644 பேர் இறந்தனர்; அவற்றில் 80 இறப்புகள் சோதனையோடு தொடர்புடையவை என்று கணிக்கப்பட்டன. மீதமுள்ளோரில் பலர் கடும்நோயாளிகள் என்பதை மறந்துவிட்டு முதல் எண்ணை மட்டும் முழங்குவது நேர்மையாகாது. அதே நேரம், 80 என்ற எண்ணுக்குப் பின்னால் உள்ள குடும்பங்கள் எத்தனைக்கு ‘சோதனை’ என்ற சொல் முன்கூட்டியே தெரிந்திருந்தது என்று கேட்காமல் கடந்துபோவதும் நேர்மையாகாது.

2009 இல் ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதரா மாவட்டத்திலும் 10 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போடும் திட்டம் நடந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இரு மாநில அரசுகளும் அதில் இணைந்திருந்தன. ஏழு சிறுமியர் இறந்த செய்திக்குப் பின் 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை என்றே விசாரணை முடிவு செய்தது. அத்தடுப்பூசி உலகெங்கும் பயன்தரும் ஒன்று என்பதிலும் ஐயமில்லை. சிக்கல் சம்மதத்தில் இருந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு 2013 ஆகஸ்டில் அளித்த 72 ஆம் அறிக்கை படிவங்களின் கணக்கைத் தந்தது. ஆந்திரத்தின் 9,543 படிவங்களில் 1,948 இல் கைரேகை. 2,763 இல் விடுதிக் காப்பாளரின் கையெழுத்து. குஜராத்தின் 6,217 படிவங்களில் 3,944 இல் கைரேகை.

இக்கணக்கை ஒரு மொழியியல் மாணவர் வாசித்தால் இரண்டு கேள்விகள் எழும். பத்ராசலம் பகுதிப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றின் வீட்டுமொழி கோயா. கோண்டிக்கு நெருங்கிய திராவிட மொழி அது. மகள் விடுதியில் தெலுங்கு படிக்கிறாள். தாய் வீட்டில் கோயா பேசுகிறாள். காப்பாளர் கையெழுத்திட்ட தருணத்தில் அத்தாயின் மொழி முழுவதுமாக உரையாடலிலிருந்து வெளியேறிவிட்டது. இரண்டாவது கேள்வி பெயரைப் பற்றியது. இது மருந்துச் சோதனை அன்று, ஏற்கெனவே உரிமம் பெற்ற தடுப்பூசியைக் கொண்டு நடத்தும் செயல்விளக்கத் திட்டம் என்பது அமைப்பாளர்களின் வாதம். நிலைக்குழு அதை ஏற்கவில்லை. அரசின் வழக்கமான தடுப்பூசி முகாம் போலவே அது மக்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஆக, நிபுணர்களும் நாடாளுமன்றமும் பெயர் சூட்டுவதிலேயே உடன்படாத ஒன்றை, ஒரு தாய் சரியான பொருளில் புரிந்துகொண்டு கைரேகை வைத்ததாகப் படிவம் சாதித்தது.

இதே காலத்தில் இந்தோரில் நடந்த சோதனைகள் குறித்த முறையீடுகளோடு ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012 இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 2013 இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. அறநெறிக் குழுக்களின் பதிவு கட்டாயமாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் நீதிமன்றம் சம்மதம் பெறும் நிகழ்வை ஒலி-ஒளிப் பதிவு செய்யப் பணித்தது. நவம்பரில் அது நாடு முழுவதும் ஆணையாயிற்று. 2015 இல் விதி தளர்த்தப்பட்டு, புதிய மூலக்கூறுகளின் சோதனைகளில் நலிந்த நிலையிலுள்ள பங்கேற்பாளர்களுக்கு மட்டும் காணொளி என்றும், எச்.ஐ.வி., தொழுநோய் மருந்துகளுக்கு ஒலிப்பதிவு மட்டும் போதும் என்றும் வரையறுக்கப்பட்டது.

ஒளிப்படக்கருவி வந்தது ஒரு வகையில் பெரும் வாய்ப்பு. சம்மதம் என்பது தாள் அன்று, பேச்சு என்பதைச் சட்டம் முதன்முறையாக ஒத்துக்கொண்டது. எவ்வளவு நேரம் பேசப்பட்டது, யார் எவ்வளவு பேசினார், நோயாளி ஒரு கேள்வியாவது கேட்டாரா, ‘சரிங்க டாக்டர்’ என்பதைத் தவிர அவர் வேறேதும் சொன்னாரா என்பதெல்லாம் அதில் உள்ளன. உரையாடல் ஆய்வு செய்பவர்களுக்கு அது பொன். ஆயினும் அப்பதிவு முதன்மையாகக் காப்பகத்துக்கான ஆவணம். வழக்கு வந்தால் எடுத்துக்காட்டுவதற்கானது. கைரேகை வளர்ந்து காணொளி ஆயிற்றே தவிர, அதைக் கேட்கும் செவி மாறவில்லை.

இனிப் படிவத்துக்கே வருவோம். விதிகளின் மூன்றாம் அட்டவணையில் மாதிரிப் படிவம் உள்ளது. அதில் ஐந்து கூற்றுகள். ஒவ்வொன்றின் எதிரே ஒரு கட்டம். தகவல் தாளைப் படித்துப் புரிந்துகொண்டேன், கேள்வி கேட்க வாய்ப்பிருந்தது என்பது முதலாவது. தன்விருப்பத்தில் சேர்கிறேன், எப்போதும் விலகலாம் என்பது இரண்டாவது. நிறுவனமும் அதிகாரிகளும் என் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கலாம் என்பது மூன்றாவது. தரவுகளைப் பயன்படுத்துவதைத் தடுக்கமாட்டேன் என்பது நான்காவது. பங்கேற்க உடன்படுகிறேன் என்பது ஐந்தாவது. ஒவ்வொன்றும் ‘நான்’ என்ற தன்மை ஒருமையில் பேசுகிறது. சமூகவியலாளர் ஏர்விங் காஃப்மன், ‘பேசுபவர்’ என்று நாம் ஒற்றைச் சொல்லால் குறிப்பவரை மூன்றாகப் பிரித்தார்: ஒலிப்பவர், சொற்களை இயற்றியவர், அச்சொற்களுக்குக் கட்டுப்படுபவர். இப்படிவத்தில் இயற்றியவர் சட்ட வல்லுநர்; ஒலிப்பவர் உரக்கப் படித்துக் காட்டும் ஒருங்கிணைப்பாளர்; கட்டுப்படுபவர் மட்டும் நோயாளி. தமக்கு விளங்கியது என்று உறுதிமொழி தருபவர், அந்த உறுதிமொழியின் ஒரு சொல்லையும் தாம் தேர்ந்தவர் அல்லர்.

அப்படிவம் வேறு சிலவற்றையும் கேட்கிறது: வயது, முகவரி, கல்வித் தகுதி, தொழில், ஆண்டு வருமானம், இறந்தால் இழப்பீடு பெறும் வாரிசின் பெயர். தாய்மொழி என்ன என்று கேட்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 121 மொழிகளைப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பேசும் மொழிகளாகப் பட்டியலிட்ட நாட்டில், புரிந்துகொண்டதாகக் கையெழுத்திடுபவர் எம்மொழியில் புரிந்துகொள்வார் என்பதற்கு ஒரு வரி ஒதுக்கப்படவில்லை. தகவல் தாள் எளிய நடையில், பங்கேற்பாளருக்கு விளங்கும் மொழியில் இருக்க வேண்டும் என்று விதி சொல்வது உண்மையே. எந்த மொழி விளங்கும் என்பதைக் கேட்டறிந்து எழுத அப்படிவத்தில் இடமில்லை.

மொழிபெயர்ப்பால் தீர்ந்துவிடும் சிக்கலும் அன்று இது. தமிழில் ‘இரத்தப் பரிசோதனை’ என்றால் நோயறியும் முறை; ‘ஆய்வுக்கூடப் பரிசோதனை’ என்றால் விளைவு தெரியாத முயற்சி. ‘ஒரு பரிசோதனை இருக்கிறது, வாருங்கள்’ என்று அழைக்கப்படும் நோயாளி முதல் பொருளில்தான் போகிறார். அழைப்பவர் இரண்டாம் பொருளில் அழைக்கிறார். இந்தியின் ‘பரீக்ஷண்’ என்ற சொல்லிலும் இதே இரட்டைத்தன்மை உண்டு. ‘மருந்துப்போலி’ என்பது கலைச்சொல். அதைச் சற்றே மாற்றிப் ‘போலி மருந்து’ என்றால் கடையில் விற்கும் கள்ளமருந்து; இந்தியில் ‘நக்லி தவா’ என்றாலும் அதுவே. எதேச்சைப் பங்கீட்டைச் ‘சீட்டுக் குலுக்கிப் போடுவது போல’ என்று விளக்கினால் உடனே புரியும். ஆனால் குலுக்கல் என்றாலே பரிசும் நினைவுக்கு வரும். விழுந்தது நல்ல சீட்டு என்ற எண்ணம் தோன்றினால், எந்தப் பிரிவு நல்லது என்பது யாருக்கும் தெரியாததால்தான் சோதனையே நடக்கிறது என்ற மையக்கருத்து நழுவிவிடும். மொழிபெயர்ப்பை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி ஒப்பிடும் வழக்கமான சரிபார்ப்பு இவற்றைப் பிடிக்காது. அகராதியில் சொல் சரி. கேட்பவர் மனத்தில் பொருள் வேறு.

இது கல்லாதோரின் குறை என்று கருதுபவர்களுக்கு ஒரு செய்தி. 1982 இல் பால் ஆப்பெல்பாமும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க நோயாளிகளிடையே கண்டு பெயரிட்ட ஒரு நிலை உண்டு: ஆய்வின் ஒவ்வொரு செயலும் தமக்கென்றே தேர்ந்து செய்யப்படும் சிகிச்சை என்று பங்கேற்பாளர் நம்பிவிடுவது. சிகிச்சை மயக்கம் என்று அதைச் சொல்லலாம். மருத்துவர் எதைச் செய்தாலும் என் நன்மைக்கே என்று நம்புவது நோயுற்ற மனிதரின் இயல்பு. படிப்பு அதைப் போக்காது. ஆகவே புரியவைக்கும் கடமை, சிகிச்சை எது, ஆய்வு எது என்ற வேறுபாட்டை அறிந்தவருடையது.

தீர்வு தெரியாததல்ல. கழகத்தின் 2017 ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டுதல்கள், தகவல் தருவதோடு அது புரிந்துகொள்ளப்பட்டதை உறுதிசெய்வதும் சம்மதத்தின் பகுதி என்கின்றன. அதைச் செய்யும் வழியும் எளியது: விளக்கியபின், ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ‘வீட்டில் கேட்டால் இதைப் பற்றி என்ன சொல்வீர்கள்?’ என்று கேட்பது. புரிந்ததா என்ற கேள்விக்கு நம் பண்பாட்டில் ஒரே பதில்தான் உண்டு. இரண்டாவது கேள்விக்கு நோயாளி தம் சொற்களில் பேசியாக வேண்டும். இதில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை கிடைக்கும், எந்த மருந்து என்பதை யார் எவ்வாறு தீர்மானிக்கிறார், நடுவில் விலகினால் மருத்துவமனை என்னைக் கைவிடுமா, உடல்நிலை கெட்டால் யாரை அழைப்பது, செலவு யாருடையது என்ற கேள்விகளுக்கு அவர் தம் நடையில் விடை சொன்னால் அதுவே சான்று. கைரேகையும் காணொளியும் அதற்குப் பின் வரட்டும். விடை பிழையானால் நோயாளி தேறவில்லை என்று கொள்ளக்கூடாது. விளக்கியவரே மறுபடி முயல வேண்டும்.

இதில் பணயமாக இருப்பது நோயாளியின் பாதுகாப்பு மட்டுமன்று. சர்ச்சைகளுக்குப் பின் ஊடகங்களில் ‘சோதனை எலிகள்’ என்ற தொடர் நிலைத்துவிட்டது. அது கோபத்தில் பிறந்த சொல். கோபத்துக்குக் காரணமும் உண்டு. ஆனால் எலி எதையும் புரிந்துகொள்வதில்லை, எதற்கும் உடன்படுவதுமில்லை. படிவம் நோயாளியின் புரிதலை முன்கூட்டியே அச்சிட்டு வைத்துவிடுகிறது. முழக்கமோ அப்புரிதல் சாத்தியமே இல்லை என்கிறது. இரண்டுக்கும் நடுவில், விஷயத்தை அறிந்து, எடைபோட்டு, ‘எனக்குப் பயன்படாவிட்டாலும் அடுத்தவருக்குப் பயன்படட்டும்’ என்று முன்வரும் மனிதருக்கு இடமில்லாமல் போகிறது. 1956 இன் சென்னையில் அத்தகைய மனிதர்கள் இருந்திருக்க மாட்டார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அவர்கள் தந்ததை நாம் பெற்றுக்கொண்டோம். தந்தது என்னவென்று அவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்டு எழுதிவைக்கத்தான் தவறிவிட்டோம்.

மொழித்துறை மாணவர்களுக்கு இதில் வேலை இருக்கிறது. அறநெறிக் குழுக்கள் கூடுகின்றன. அவற்றில் மருத்துவரல்லாத உறுப்பினருக்கு விதியே இடம் தருகிறது. தகவல் தாளின் தமிழையோ கோயாவையோ சந்தாலியையோ வாய்விட்டுப் படித்து, ‘இதைக் கேட்பவர் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வார்?’ என்று கேட்க ஒருவர் அங்கே தேவை. 150 ஆண்டுகளுக்கு முன் நிலம் விற்பவருக்குச் சட்டம் அளித்த உறுதி அது. தன் உடலைத் தருபவருக்கு அதைக் குறைத்து அளிக்க நியாயமில்லை.